கேக்கில் இரண்டு கொடிகள்

அந்த ஜூன் மாதம், நான் வேலை செய்யும் ஒஸ்லோ முதியோர் இல்லத்தின் சமையலறையில் ஸ்வீடன் கொடி ஒன்றைத் தேடி அலுமாரிகளைக் கிண்டினார்கள். எரிப்பதற்கல்ல, கேக்கில் குத்துவதற்கு. ஊரிலிருந்து வாசிக்கும் உங்களுக்கு இதை நம்பக் கஷ்டமாக இருக்கும். ஸ்வீடனோடு ஒரே அரசனின் கீழ் இருந்த நோர்வே, 1905இல் அந்த ஒன்றியத்தை விட்டு விலகியது. மறுநாள் அதற்கு நூறு வருஷம். தலைமைச் சமையற்காரி பியோர்க் கேக் சுட்டாள். அதற்குக் கிரீம் பூசியவள் லின்னேயா, எங்களோடு வேலை செய்யும் ஸ்வீடன்காரப் பெட்டை.

“நாளையோடு உங்களை விட்டுப் போய் நூறு வருஷம்,” என்றாள் பியோர்க்.

“எங்களுக்கும் அன்றைக்குத்தான் நிம்மதி,” என்றாள் லின்னேயா.

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

1905இல் நோர்வேயில் வாக்கெடுப்பு வைத்தார்களாம். விலக வேண்டாம் என்றவர்கள் நாலைந்து பஸ்ஸுக்குள் அடங்கிவிடுவார்களாம். “இலங்கையில் நீங்களும் அப்படிச் செய்தால் என்ன?” என்று பியோர்க் கேட்டாள், கறிக்கு உப்புக் காணாது என்று சொல்வதுபோல. நான் தட்டுகளைக் கழுவப் போய்விட்டேன்.

என் அண்ணா கொழும்பில் ஒரு கந்தோரில் வேலை செய்தவர். நாடு பிரியக்கூடாது, பிரிந்தால் இரண்டு பக்கமும் உருப்படாது என்று அப்பாவோடு மல்லுக்கு நிற்பவர். மத்தியானம் அவரோடு சோற்றுப் பார்சலைப் பகிர்ந்து சாப்பிடும் சிங்கள நண்பர்கள் இருந்தார்கள். நல்லவர்கள்தான். எண்பத்துமூன்று ஜூலையில், வெளியே தமிழர்களை என்ன செய்கிறார்களென்று அவர்கள் காதுக்கு எட்டியிருந்தது. ஆனாலும் பயத்தில் வாயைத் திறக்கவில்லை என்று அவர்களில் ஒருவர் பிறகு எங்களிடம் அழுதார். “எங்கள் வீட்டுக்கு வா” என்று ஒருவரும் சொல்லாததால், அண்ணா வழக்கம்போல பஸ் ஏறினார். வழியில் அவரை இறக்கினார்கள். எரிக்க எங்களுக்கு உடல்கூடக் கிடைக்கவில்லை.

வேலை முடிந்ததும் லின்னேயாவிடம், “இன்றைக்கு உன் அறைக்குப் போகாதே. என் வீட்டில் வந்து நில்,” என்றேன். விருந்துக்குக் கூப்பிடுகிறேன் என்று நினைத்தாள், பாவம். பூங்கொத்தோடு ஹவுகன்ஸ்டுவாவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து, புட்டை ரசித்துச் சாப்பிட்டாள். நான் கதவுக்குச் சங்கிலி போட்டதை என் கணவர்தான் கவனித்தார்.

“உமக்கென்ன விசரே? இஞ்சை ஆர் அந்தப் பிள்ளையை என்ன செய்யப் போறாங்கள்?”

“ஓம், தெரியும்,” என்றேன்.

தெரியும்தான். வடக்கே பாட்ஸ்பியோர்டில் மீன் ஆலையில் மீன் வெட்டிய காலம் தொடங்கி இன்றுவரை இந்த நாட்டில் என் கதவை யாரும் உடைத்ததில்லை. ஆனாலும் சங்கிலியைக் கழற்ற மனம் வரவில்லை. சனிக்கிழமைகளில் இதே கூடத்தில் எங்கள் ஆட்கள் கூடி, பிரிவதா சேர்ந்திருப்பதா என்று தொண்டை கிழியக் கதைப்பார்கள். நான் தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டுக் குசினிக்குள் போய்விடுவேன். அண்ணா இருந்திருந்தால் இன்றும் அதையே சொல்லுவாரா? அதை அவரிடம் கேட்க முடியாதே.

காலையில் எங்கும் கொடிகள் பறந்தன. லின்னேயா ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு என்னோடு வேலைக்கு வந்தாள். நான் அவளுக்கு முன்னால் நடந்து, ஒவ்வொரு சந்தியிலும் எட்டிப் பார்த்த பிறகே அவளை வரவிட்டேன். ஒரு வயோதிபர் நாயோடு போனார். வேறு ஒருவரும் இல்லை.

“என்ன பார்க்கிறாய்?” என்று கேட்டாள்.

“பஸ் வருகிறதா என்று பார்க்கிறேன்,” என்றேன்.