சில்லுக்குக் காட்டிய கற்பூரம்

வியட்நாமில், தூ டுக் நகரில் எங்கள் ஆய்வகத்தின் உதவியாளர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். 'சி' என்று கூப்பிடுவேன். வியட்நாமிய மொழியில் அக்கா. தினமும் காலையில் வாசலோரம் தரையில் இருக்கும் பூமி சாமிக்கு ஒரு கிளாஸ் ஐஸ் காபி வைத்துவிட்டுத்தான் அக்கா வேலையைத் தொடங்குவார். முனைவர் பட்டம் வாங்கிய மிதப்பில் நான் சிரித்துக்கொண்டே தாண்டிப் போவேன்.

ஒரு சொட்டு ரத்தத்தில் டெங்குவைக் கண்டுபிடிக்கும் கண்ணாடிச் சில்லு செய்வது என் வேலை. அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள்கள் இருக்கும். டெங்குவின் புரதம் அவற்றில் ஒட்டினால், அவற்றின் நிறம் மயிரிழை அளவு சிவப்புப் பக்கம் நகரவேண்டும். ஒன்றரை வருடமாக நகர்ந்தபாடில்லை. மாதக் கடைசியில் என் ஒப்பந்தம் முடிகிறது. நகர்ந்தால் இன்னும் இரண்டு வருடம், இல்லையென்றால் ஊருக்கு மூட்டை கட்டவேண்டியதுதான். என் மகளுக்கோ பூ மி ஹங் பகுதியிலுள்ள பள்ளியில் அப்போதுதான் தோழிகள் கிடைத்திருந்தார்கள்.

ஆயுத பூஜை வந்தது. என் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. காலையில் பத்துச் சில்லுகளின் நிறத்தையும் அளந்து குறித்துவிட்டு, அவற்றைத் தட்டில் பரப்பினேன். நிறம் அளக்கும் கருவிக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, பெட்ரித் தட்டில் கற்பூரம் ஏற்றினேன். கருவிக்கு ஒரு சுற்று, சில்லுகளுக்கு விசேஷமாக மூன்று சுற்று. அக்கா தன் பங்குக்கு வாழைப்பழம் கொண்டுவந்து வைத்தார்.

பிற்பகல் ஒரு சில்லில் டெங்கு மாதிரியை விட்டேன். மயிரிழை கேட்ட இடத்தில் முழம் கணக்கில் நகர்ந்தது! எனக்குத் தலைகால் புரியவில்லை. டெங்கு இல்லாத மாதிரியையும் விட்டு ஒப்பிடவேண்டும் என்பது முதல் வருட மாணவனுக்கே தெரியும். நான் ஆய்வகத் தலைவரான பேராசிரியரின் அறைக்கு ஓடினேன். அவர் மருத்துவமனைக்குப் போன் செய்து வெள்ளிக்கிழமை வந்து பார்க்கச் சொன்னார். நான் வீட்டுக்குப் போன் செய்து, "ரெண்டு வருஷம் கன்ஃபார்ம்!" என்றேன்.

மறுநாள் காலை அக்கா தயங்கித் தயங்கி வந்தார். எங்கள் பேச்செல்லாம் இரண்டு பேரின் அரைகுறை ஆங்கிலத்தில்தான்.

"ஒப்பிட்டுப் பார்க்க மாதிரி இல்லையேன்னு என் ரத்தத்தையே எடுத்து இன்னொரு சில்லுல விட்டேன். நீங்களே பாருங்க."

திரையில் அதே முழம். கற்பூரப் புகை தங்கத்தில் படிந்தாலும் நிறம் நகரும். அந்த நொடியே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கிய பிறகும் கேட்டேன்:

"சி, உங்களுக்குக் காய்ச்சல் ஏதாவது இருக்கா?"

இருக்கவேண்டுமே என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேதான் கேட்டேன். அது குரலிலும் தெரிந்திருக்கும். அக்கா கோபப்படவில்லை. புறங்கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார், பிறகு கழுத்தில் வைத்துப் பார்த்தார்.

"இல்லையே... மன்னிச்சிருங்க" என்றார்.

பேராசிரியரிடம் போய், கற்பூரம் உட்பட எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். வெள்ளிக்கிழமை யாரும் வரவில்லை. மாதக் கடைசியில் மூட்டை கட்டினோம். விமானம் ஏறும்வரை மகள் என்னோடு பேசவில்லை. அவள் கோபம் நியாயம், வாங்கிக்கொண்டேன். உடம்பு நன்றாக இருப்பதற்காக ஒரு மனுஷியை என்னிடம் மன்னிப்புக் கேட்க வைத்தேனே, அதைத்தான் எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை.