ஒரு ழகரம் பாக்கி

எந்தக் கணினியின் முன் உட்கார்ந்தாலும் முதலில் சட்டைக் கையால் திரையைத் துடைப்பாள். பிறகு கறுப்புச் சாளரம் ஒன்றைத் திறந்து ஒரு வரி தட்டுவாள். தன்னிடம் இருக்கும் மென்பொருளின் எண்ணை இயந்திரம் சொல்லும். அதை உதடு அசையப் படித்துவிட்டுத்தான் பக்கத்தில் கையைப் பிசைந்து நிற்பவரை ஏறிட்டுப் பார்ப்பாள். "மொதல்ல ஆளு யாருன்னு தெரியணும். அப்புறந்தான் ஒடம்புக்கு என்னன்னு கேக்கணும்." அச்சகத்தில் சேர்ந்த நாளிலிருந்து இத்தனை ஆண்டுகளாக இந்த முறை மாறியதில்லை. அதனால் அவளுக்கு 'வெர்ஷன்' என்றே பெயராகிவிட்டது. தேநீர் கொண்டு வருகிறவர்கூட, "வெர்ஷன், சர்க்கரை பழைய அளவா, புது அளவா?" என்றுதான் கேட்பார்.

பள்ளிப் பாடநூல்கள் அச்சாகும் இடம் அது. எல்லாக் கணினிகளிலும் லினக்ஸ் இயங்குதளம். வெள்ளிக்கிழமை மாலை, அச்சு இயந்திரங்கள் ஓய்ந்ததும், ஒவ்வொன்றாய்ப் புதுப்பிப்பாள். அவசரம் கிடையாது. புதிதாக உள்ளே வரப்போகிற மென்பொருளை, குடிவர வந்தவரை வீட்டுக்காரர் பார்ப்பதுபோல மேலும் கீழும் பார்ப்பாள். வெளியேறுகிற பழைய மென்பொருள் பொட்டலங்களையும் அழிக்க மாட்டாள். "எடத்த அடைச்சுக்கிட்டு கெடக்கே" என்று மேலாளர் குறைபட்டால், "எங்கம்மா ஒத்தப் பொத்தானக்கூடத் தூக்கிப் போட மாட்டாங்க சார். நான் அந்த வயித்துல பொறந்தவ" என்பாள்.

அவள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். இதே தெருவில் காகிதக் கட்டு ஏற்றி இறக்கும் அப்பா, "எம்பொண்ணு கை வெச்சாத்தான் உள்ள மிசினு பேசும்" என்று கூட்டாளிகளிடம் மார்தட்டுவார். காதில் விழும்போது அவளுக்கு உள்ளூரக் குளிரும். கூடவே ஒரு கேள்வி அரிக்கும்: படித்தது நிஜமாகவே உள்ளே இறங்கியிருக்கிறதா, இல்லை மேலே ஒட்டிய காகிதம்தானா?

உண்மையிலேயே பேசுகிற இயந்திரம் ஒன்று அங்கே உண்டு. அது காது சாருடையது. பார்வையில்லாத மெய்ப்புத் திருத்துநர் அவர். கணினி பாடத்தை வாசிக்கும். அவர் கேட்டே பிழை பிடிப்பார். 'வாழை' இருக்க வேண்டிய இடத்தில் 'வாளை' விழுந்திருந்தால் மேசையைத் தட்டிக் கூவுவார்: "பாருங்கப்பா, தோட்டத்துல மீன் காய்ச்சுத் தொங்குது!"

சென்ற மாதம் அவள் விடுப்பில் இருந்தபோது, புதுப்பிக்கவா என்று எட்டிப் பார்த்த ஒரு சாளரத்தில் மேலாளர் 'சரி' என்று அழுத்திவிட்டார். மறுநாளிலிருந்து அந்தக் குரலில் ழவும் ளவும் ஒரே ஒலி ஆகிவிட்டன. வாழையும் வாளையும் ஒன்று. மழையும் மளையும் ஒன்று. திருத்தி வந்த பக்கங்களில் பிழை அப்படியே இருந்தது. "எங்காதே என்னய ஏமாத்துது" என்று காது சார் இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார். மேலாளர் அவளைத் தொலைபேசியில் அழைத்தார்.

"அவருக்கு வயசாயிடுச்சும்மா. வேற ஆளு பாத்துரலாமா?"

"ஆள மாத்துறதுக்கு முன்னாடி, குரல் மென்பொருள் எந்த வெர்ஷன்னு பாருங்க சார்."

"பாத்துட்டேன். ஒண்ணு புள்ளி ஒண்ணு சைபர். நீ எப்பவும் சொல்றது ஒண்ணு புள்ளி ஒன்பதுல்ல? அப்ப இது அதவிடப் பழசு. நான் அழுத்துனது ஏறவே இல்ல."

"சார், அது ஒண்ணு புள்ளி பத்து. அதான் புதுசு."

"புள்ளி ஒன்பது பெருசா, புள்ளி ஒண்ணு சைபர் பெருசா? ஆறாங்கிளாஸ் கணக்கும்மா!"

"இது கணக்குப் புள்ளி இல்ல சார், வீட்டு நம்பர். ஒண்ணாந் தெருவுல ஒன்பதாம் நம்பரத் தாண்டித்தானே பத்தாம் நம்பர்? ஒரு வீடு தள்ளிப் போய்க் கதவத் தட்டிட்டு, ஒறவுக்காரங்களக் காணோம்ங்கறீங்க."

விடுப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்தாள். திரையைத் துடைத்தாள், வரியைத் தட்டினாள், எண்ணைப் படித்தாள். அழிக்காமல் வைத்திருந்த பழைய பொட்டலத்திலிருந்து ஒன்பதை எடுத்து நிறுவினாள். இனி யார் 'சரி' அழுத்தினாலும் அது நகராதபடி பூட்டினாள். கணினி வாசித்தது: மழை. பிறகு: மளை. காது சார் மேசையில் ஓங்கித் தட்டினார். "வந்துட்டான்யா எம்மவன்!" மேலாளர் மீசைக்குள் முனகினார்: "வேற ஆளுன்னு நான் சொன்னதும் அந்தக் குரலத்தான்."

இப்போதும் வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும், 'ஒன்று நிறுத்திவைக்கப்பட்டுள்ளது' என்று அந்த இயந்திரம் காட்டும் வரியை மட்டும் அவள் வாய்விட்டுப் படிப்பாள். மற்ற எல்லாம் முன்னே ஓட, பின்தங்கி நிற்கும் அந்த ஒன்றைச் சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

ஆனால் எத்தனை காலம் பூட்டி வைப்பது? அந்தக் குரலை ஆக்கியவருக்குப் பிழையை எழுதி அனுப்பினாள். எந்த நாட்டுக்காரரோ, மறுநாளே பதில் போட்டார். மிக்க நன்றி, எனக்கு உங்கள் மொழி தெரியாது, அந்த எழுத்தை நீங்களே சொல்லிப் பதிந்து அனுப்பினால் திருத்திவிடுவேன்.

அங்கேதான் சிக்கல். அவள் வீட்டில் யார் வாயிலும் ழ வராது. வாளப்பளம் தின்று வளர்ந்தவள். கல்லூரி மேடையில் கவிதை வாசித்தபோது முன்வரிசை சிரித்த சிரிப்பு இன்னும் நாக்கில் ஒட்டியிருக்கிறது.

"நீங்க சொல்லுங்க சார், அனுப்பிடறேன்" என்று காது சாரிடம் போய் நின்றாள்.

"எனக்குக் காதுதாம்மா உத்தியோகம், வாய் இல்ல. அவரு கேட்டது ஒன்னயத்தான். கடன வாங்குன ஆளே அடைக்கட்டும். ஒரு ழ பாக்கி வெச்சிருக்கே, மறந்துராத."

மறக்கவில்லை. மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும் அறைக் கதவைச் சாத்திவிட்டு ஒலிப்பதிவுப் பொத்தானை அழுத்துகிறாள். "வாழை." ஒலிபெருக்கியில் காதை வைத்துக் கேட்கிறாள். எந்தப் பழையதையும் தூக்கிப் போடாதவள், அதை மட்டும் அந்தக் கணமே அழிக்கிறாள். நாக்கை இன்னும் கொஞ்சம் உள்ளே மடித்துக்கொண்டு, சட்டைக் கையால் மறுபடி திரையைத் துடைக்கிறாள்.