அண்ணியின் இரண்டாவது மெடிக்கல் போர்டு

மெடிக்கல் போர்டு முன்னால் நிற்கப் போகிற காலையில் என் அண்ணி கிறிஸ்துமஸ் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தார். வெள்ளைப் புடவை, ஓரத்தில் விரல் அகலத்துக்கு நீலக் கரை. கஞ்சி போட்டு, கரிப்பெட்டியில் தேய்த்திருந்தது. கொசுவ மடிப்புகள் அடிக்கோல் வைத்துக் கோடு போட்டதுபோல நின்றன. தாம்பரம் ஸ்டேஷனில் டிக்கெட்டோடு காத்திருந்த நான், தூரத்தில் அவரைக் கண்டதுமே காரியம் கெட்டது என்று நினைத்தேன். ஆனால் பெரிய இடத்துக்கு நல்ல புடவையில் போக வேண்டும் என்பது எங்கள் வீடுகளில் ஞானஸ்நானத்தோடு சேர்த்துக் கொடுக்கப்படுவது. கோவிலுக்கும் கல்யாணத்துக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் ஒரே புடவைதான்.

அது அறுபதுகளின் கடைசி. அண்ணி பம்மலில், தோல் பதனிடும் ஷாப்புகளின் வாசனை வகுப்பறைக்குள்ளேயே வந்து உட்காரும் ஒரு அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தார். என் அண்ணன் இறந்துபோய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. அவர் வேலை பார்த்த தனியார் கம்பெனி ஒரு மலர்வளையத்தோடு கணக்கை முடித்துக்கொண்டது. ஆகவே அண்ணி, பள்ளி இறுதி வகுப்பில் படித்த ஒரே மகள், தாம்பரத்தில் ஒரு வாடகை வீடு, எல்லாம் அண்ணியின் சம்பளத்தில் நின்றன. அந்தச் சம்பளம் அவர் கைவிரல்களில் நின்றது. விரல்கள் நிற்க மறுத்தன.

முடக்குவாதம் என்று டாக்டர் சொன்னார். இந்த நோய்க்கு ஒரு குணம் உண்டு. காலையில் எழும்போது மூட்டுகள் துருப்பிடித்த கீல்போல இறுகிக் கிடக்கும். நேரம் போகப் போக, வெந்நீரும் மாத்திரையும் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக இளகும். பத்து மணிக்கு மேல் பார்ப்பவர்களுக்கு, ஏதோ கொஞ்சம் மெதுவாக நடக்கிற ஒரு அம்மா. அரசாங்க அலுவலகங்களும் பத்து மணிக்கு மேல்தான் பார்க்கத் தொடங்குகின்றன.

தலைமையாசிரியை நல்லவர். நல்லவர்கள் தரும் யோசனைகளைக் கொஞ்சம் தள்ளி நின்றே கேட்க வேண்டும் என்பது நான் சர்வீஸில் கற்றது. "ஏன் டீச்சர் கஷ்டப்படறீங்க? ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு வீட்ல நிம்மதியா இருங்களேன்" என்றாராம். அண்ணி அதை எழுதியும் வைத்துவிட்டார். நல்லவேளையாக, இலக்கணப் பிழை பார்ப்பதற்கு என்னிடம் கொண்டுவந்தார்.

நான் அப்போது கல்வித் துறையில் ஓய்வூதியப் பிரிவு குமாஸ்தா. ராஜினாமா செய்தவருக்குப் பழைய சர்வீஸ் கிடையாது, பிறக்காதவர் மாதிரி. உடம்பு முடியாமல் போனவர் என்று மெடிக்கல் போர்டு சொன்னால் மட்டுமே இயலாமை ஓய்வூதியம். "இந்த ஒரு காகிதத்தால உங்க இருவது வருஷ வேலை அடுப்புக்குப் போயிடும் அண்ணி" என்றேன். அதை அவரே அடுப்பில் போட்டார்.

அப்படித்தான் அந்த வெள்ளைப் புடவை ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தது. வாசலில் இருந்த பியூன் அண்ணியை மேலும் கீழும் பார்த்தார். "இன்னாம்மா, கல்யாண வூட்டுக்கு வந்தா மாதிரி வந்துகீறே? போர்டுன்னா கொஞ்சம் இழுத்துகினு பறிச்சுகினு வர்றதில்ல?" மருத்துவ விஷயத்தில் அன்று எங்களுக்குக் கிடைத்த ஒரே பயனுள்ள ஆலோசனை அதுதான். அண்ணி அதைக் கேட்காதவர்போல உள்ளே போனார்.

உள்ளே நடந்தது அண்ணி சொன்னதிலிருந்தும் பிறகு வந்த உத்தரவிலிருந்தும் தெரிந்தது. மூன்று டாக்டர்கள். ஒருவர் மரியாதையாக, "எப்படிம்மா இருக்கீங்க?" என்று கேட்டிருக்கிறார். அண்ணி எந்த மனிதர் எந்த நேரத்தில் கேட்டாலும் சொல்கிற பதிலைச் சொல்லியிருக்கிறார்: "கர்த்தருடைய கிருபையால சுகமா இருக்கேன்." எங்கள் சபையில் சாகக் கிடப்பவரும் இதைத்தான் சொல்வார். போதகர் அதற்கு "ஸ்தோத்திரம்" என்பார், பிறகு என்ன நோய் என்று விசாரிப்பார். டாக்டருக்கு அந்த வழக்கம் தெரியாது. அவர் எழுதிக்கொண்டார். கையை மூடச் சொன்னார்கள். மத்தியானம் நெருங்கிவிட்டதால் பாதிக்கு மேல் மூடியது. பெயர் எழுதச் சொன்னார்கள். இருபது வருஷம் கரும்பலகையில் எழுதிப் பழகிய கை, நடுவில் நின்று நின்று, ஆனால் அழகாக எழுதியது. 'தாம் நலமாக இருப்பதாக அவரே தெரிவித்தார், பணிக்குத் தகுதியானவர், உடனே பணியில் சேர வேண்டும்' என்று முடிவு வந்தது.

அவர் சேர்ந்தார். சாக்பீஸைப் பென்சில்போலப் பிடிக்க முடியாமல், உள்ளங்கைக்குள் வைத்து முஷ்டியால் அழுத்தி எழுதினார். எழுத்துகள் பூசணிக்காய் அளவில் வந்தன. பலகையில் நாலு வரிக்குமேல் இடமில்லை. தலைமையாசிரியை ஆண்டுதோறும் 'மிக நன்று' என்று எழுதி அனுப்பிய குறிப்புகளெல்லாம் கோப்பில் இப்போது எதிர்க்கட்சிச் சாட்சிகளாக உட்கார்ந்திருந்தன.

மேல்முறையீடு உண்டு. ஆனால் எதற்கும் ஒரு கதவும் அந்தக் கதவுக்கு ஒரு பூட்டும் வைத்திருப்பார்கள். முதல் போர்டு தவறியிருக்கலாம் என்று நினைக்க வேறொரு டாக்டரின் சான்று வேண்டும். அந்த டாக்டர், இவர் தகுதியானவர் என்று போர்டு தீர்ப்பளித்துவிட்டது எனக்குத் தெரியும், தெரிந்தே இதைத் தருகிறேன் என்று அதிலேயே எழுத வேண்டும். அதாவது, மூன்று பெரிய டாக்டர்களைத் தப்பு என்று சொல்ல ஒரு சின்ன டாக்டர் வேண்டும். தாம்பரத்தில் ஒரு முன்னாள் ராணுவ டாக்டர் இருந்தார். யாருக்கும் பயப்படாதவர், காரணம் அவருக்குப் பிராக்டீஸே கிடையாது. கேட்ட வாக்கியத்தைக் கேட்டபடி எழுதிக் கொடுத்தார்.

நான் எழுதிய மனுவில், 'சுகமாக இருப்பதாக மனுதாரர் சொன்னது அவருடைய கடவுளைப் பற்றிய கூற்று, அவருடைய மூட்டுகளைப் பற்றியது அல்ல' என்று ஒரு வரி இருந்தது. எங்கள் சூப்பிரண்டு அதை அடித்துவிட்டார். "நல்லாத்தான்யா இருக்கு. அதான் பயமா இருக்கு" என்றார். அதற்குப் பதிலாக ஒரு கோரிக்கை சேர்த்தேன்: மனுதாரரைச் சில நாள் வார்டில் சேர்த்து, காலை வேளையில் பார்க்க வேண்டும். போர்டு பத்து மணிக்கு முன்னால் உட்காராது. சரி, காலையில் ஏற்கெனவே விழித்திருக்கும் வார்டில் ஆளைக் கொண்டுபோய் வைத்துவிடலாம் என்பது என் கணக்கு. அதை ஏற்றுக்கொண்டார்கள்.

மீதியிருந்தது அண்ணியின் வாய்.

"எப்படி இருக்கீங்கன்னு கேட்டா 'முடியலை'ன்னு சொல்லுங்க அண்ணி. ஒரே வார்த்தை."

"மூணு வேளை சாப்பிடறேன். புள்ள படிக்கிறா. எந்திரிச்சு நடக்குறேன். கிருபை இல்லைன்னு நான் எப்படித் தம்பி சொல்றது?"

"கிருபை இருக்கட்டும். கை எப்படி இருக்குன்னு மட்டும் சொல்லுங்க."

"கையை எவன் கேட்டான்?" என்றார் அண்ணி. "என்னையில்ல கேட்டாங்க."

நான் ஓய்வூதிய விதிப் புத்தகத்தை மூடி வைத்தேன்.

வார்டில் அவர் செய்ததைக் கேட்டபோது எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. டாக்டர் எட்டு மணிக்குச் சுற்றி வருவார். அதற்குள் பார்க்கும்படியாக இருக்க வேண்டும் என்று அண்ணி கருக்கலிலேயே எழுந்து, வெந்நீர் கேட்டு வாங்கி, விரல்களை ஊறவைத்திருக்கிறார். எட்டு மணிக்கு டாக்டர் பார்த்தது, பின்னிய தலையும் மடிப்புக் கலையாத புடவையுமாகக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கு வேதம் வாசித்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணியை. வார்டு குறிப்பு என்ன சொல்லியிருக்கும் என்று நான் யூகித்துக்கொண்டேன். மகளின் அடுத்த வருஷக் கல்லூரி, வீட்டு வாடகை, எல்லாவற்றையும் அந்தப் பின்னல் விழுங்கப் போகிறது என்று தெரிந்துவிட்டது.

இரண்டாவது போர்டு கூடிய அறைக்குப் பாதிக் கதவு. மேலும் கீழும் திறந்து, நடுவில் மட்டும் மறைக்கும் கதவு. வெளியே பெஞ்சில் இருந்த எனக்கு உள்ளே பேசுவதெல்லாம் கேட்டது. இந்த முறையும் மூன்று டாக்டர்கள்; தலைவர் வயதானவர். எப்படி இருக்கீங்க என்று அவர் கேட்கவே இல்லை. எனக்கு அது முதலில் மரியாதைக் குறைவாகப் பட்டது.

"வார்டு ரிப்போர்ட்ல, 'காலையில பளிச்சுன்னு, உற்சாகமா இருக்காங்க'ன்னு எழுதியிருக்கு டீச்சர். புடவையும் அப்படித்தான் இருக்கு. கட்டினது யாரு?"

"பக்கத்து பெட்டு அம்மா."

"தலை பின்னினது?"

"அவங்கதான்."

"வீட்ல?"

"என் மக."

"ஜாக்கெட் ஹூக்கு?"

"மகதான்."

"வெள்ளனவே எந்திரிச்சிடறீங்களாமே. ஏன்?"

"நீங்கள்லாம் வர்றதுக்குள்ள விரலு பிரியணுமில்ல டாக்டர்."

"பிரியறதுக்கு முன்னால காப்பி குடிக்கணும்னா?"

"ரெண்டு மணிக்கட்டாலயும் டம்ளரை அண்டக் குடுத்துத் தூக்குவேன். சூடா இருந்தா மக ஊட்டுவா."

"பாவாடை நாடா?"

பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் இருமலை அடக்கிக்கொண்டார்.

"அதையும் நான் சொல்லணுமா டாக்டர்?"

"சொல்லணும்மா. நீங்க சொன்னாத்தான் நான் எழுத முடியும்."

"அவதான் கட்டறா" என்றார் அண்ணி. "அவுக்கறதும் அவதான்."

பொய் சொல்லத் தெரியாத ஒருவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை அந்த மனிதர் மட்டும் கேட்டார். நான் அத்தனை நாள் அண்ணிக்குப் பதில்களைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். கோளாறு கேள்வியில் இருந்தது.

போர்டின் முடிவை அன்றே சொல்லக் கூடாது என்பது விதி. குமாஸ்தா வெளியே வந்து வெற்றிலை போடுகிற சாக்கில் சொல்லிவிடுவார் என்பது நடைமுறை. 'முழுமையாகவும் நிரந்தரமாகவும் இயலாதவர்' என்றார். நான் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். வாழ்க்கையில் அவ்வளவு மோசமான செய்திக்கு அவ்வளவு சந்தோஷப்பட்டவன் இருக்க மாட்டான்.

திரும்புகிற ரயிலில் அண்ணி ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அவர் முகத்தில் ஜெயித்தவரின் களை இல்லை. பரங்கிமலை தாண்டியதும், "ரெண்டு வார்த்தை எதுக்குத் தம்பி? ஒண்ணு போதாதா?" என்று கேட்டார்.

"முழுமையான்னு மட்டும் இருந்தா, சரியானதும் வந்து சேருங்கம்பாங்க. நிரந்தரமான்னு மட்டும் இருந்தா, முடிஞ்ச வரைக்கும் பாருங்கம்பாங்க. ரெண்டும் இருந்தாத்தான் கணக்கு ஆபீஸ்ல திருப்பி அனுப்ப மாட்டாங்க."

"நல்லா யோசிச்சுத்தான் வச்சிருக்காங்க" என்றார். பிறகு மெதுவாக, "மூணு ஆம்பளைங்க தம்பி. பாவாடை நாடாவை மூணு ஆம்பளைங்க முன்னால சொன்னேன்" என்றார். பல்லாவரம் போயிற்று, குரோம்பேட்டை போயிற்று.

அந்த ஓய்வூதியத்தில் மகள் படித்தாள், வேலைக்குப் போனாள். ஆனால் அண்ணி அந்த ஆஸ்பத்திரிப் படியை மறுபடி மிதிக்கவில்லை, இலவச சிகிச்சைக்குக்கூட. இப்போதெல்லாம் அந்தக் கேள்விகளைப் படிவத்திலேயே அச்சடித்துவிட்டார்கள்: தானே உடை உடுத்த முடியுமா, தானே உண்ண முடியுமா. உண்டு, இல்லை என்று குறி போட்டால் போதும். யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. பக்கத்து வீடுகளுக்காக நான் இவற்றை நிரப்பிக் கொடுப்பதுண்டு. முன்னேற்றம் என்றுதான் சொல்ல வேண்டும். இல்லை என்பதில் குறி போடுவதற்குமுன் பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு சற்று நேரம் சும்மா இருப்பவர்களை இன்றும் பார்க்கிறேன். நான் அவசரப்படுத்துவதில்லை.

அன்று மாலை தாம்பரத்தில் இறங்கினோம். கூட்டம் எங்களை இடித்துக்கொண்டு மேம்பாலப் படிகளை நோக்கி ஓடியது. அண்ணி கைப்பிடிக் கம்பியில் முழங்கையைச் சாய்த்து, ஒவ்வொரு படியாக ஏறுகிறவர். பின்னால் எத்தனை பேர் உச்சுக்கொட்டினாலும் ஒருவர் கையையும் பிடித்ததில்லை. என் கையை நான் நீட்டுவதை விட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. அன்று முதல் படிக்கு முன்னால் நின்றார். மேலே பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமலே கையை என் பக்கம் நீட்டினார்.

"பிடி தம்பி. அதான் கவர்மென்ட்டே எழுதிக் குடுத்திருச்சே."