குடத்தில் கட்டிய சிவப்புக் கம்பி

நம் ஊர் தமிழ்நாட்டோடு சேர்வதற்கு முந்தின வருஷம். நீங்கள் யாரும் பிறக்கவில்லை. நானும் உங்கள் அம்மையும் தனிக்குடித்தனம் வந்து ஆறு மாதம் இருக்கும். வீட்டுக்குப் பின்னால் நட்ட வெற்றிலைக் கொடியில் அழுகல் விழுந்தது. துருசு, அதுதான் மயில்துத்தம், கரைத்துத் தெளிக்கச் சொன்னார்கள். கடையில் துருசு வரவில்லை.

நான் எட்டாம் வகுப்புப் படித்தவன். உப்புத் தண்ணீரில் இரண்டு செம்புத் துண்டை வைத்து மின்சாரம் விட்டால் ஒன்று கரைந்து பச்சைப் பொடியாக இறங்கும் என்று வாத்தியார் செய்து காட்டியது நினைவிருந்தது. துருசு இல்லாவிட்டாலும் துருசுக்குத் தம்பி. எந்தத் துண்டு கரையும் என்பது மட்டும் மறந்துபோயிற்று.

நான் வேலை பார்த்த லாரி ஷெட்டிலிருந்து பழைய பாட்டரி ஒன்று கொண்டுவந்தேன். கரைப்பதற்கு உடைந்த செம்புத் தகடு இருந்தது. தண்ணீர் ஊற்றவும், இன்னொரு துண்டாக நிற்கவும் ஒரு செம்புப் பாத்திரம் வேண்டும். வீட்டில் இருந்தது ஒன்றே ஒன்று, என் மாமியார் சீராகக் கொடுத்த சின்னக் குடம்.

"கொடத்துக்கு ஒண்ணும் ஆவாதுல்லா?" என்று உங்கள் அம்மை கேட்டாள்.

"தகடுதான் கரையும். கொடத்தைப் புளி போட்டுத் தேச்சுத் தாரேன்."

பாட்டரியில் சிவப்பும் கறுப்புமாக இரண்டு கம்பி. கறுப்புக் கம்பியைக் குடத்தின் கழுத்தில் கட்டப் போனேன். உங்கள் அம்மை கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இஞ்ச பாருங்க, கல்யாணத்துக்குத் தந்த கொடத்துல கருத்த கம்பியா கெட்டுவாவ? செவத்ததக் கெட்டுங்க."

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. மாற்றிக் கட்டினேன். சிவப்புப் பக்கம் கட்டியதுதான் கரையும் என்று பிறகுதான் தெரிந்தது.

தகட்டில் குமிழ் குமிழாய் வந்தது. "கரையுது பாத்தியா?" என்று பெருமையடித்தேன். சாயங்காலம் பார்த்தால் பச்சைத் தண்ணீர் தரையில் ஓடிக் கிடந்தது. தகடு அப்படியே இருந்தது. குடத்தின் வயிற்றில் பெருவிரல் நுழையும் ஓட்டை.

அவள் திட்டியிருந்தால் தேவலை. "அம்மெ வந்து கேட்டா என்ன சொல்லுகது?" என்று மட்டும் கேட்டாள். பிறகு அடியில் கிடந்த பச்சைச் சேற்றை மட்டையால் வழித்து, "கொடியாவது பிழைக்கட்டு" என்று என்னிடம் தந்தாள். பாதிக் கொடி பிழைத்தது.

மறுவாரமே மாமியார் வந்தார். தண்ணீர் குடிக்கக் குடத்தைத் தேடி, ஓட்டையோடு கண்டெடுத்தார்.

"நான்தான்" என்றேன்.

"இல்லம்மா, செவத்ததக் கெட்டச் சொன்னது நான்" என்று உங்கள் அம்மை குறுக்கே விழுந்தாள்.

மாமியார் ஓட்டை வழியாக எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்.

"நல்ல பொருத்தம்தான். மக்கா, மிச்சம் கெடக்க பாத்திரத்தையாவது நான் திரும்பக் கொண்டு போவட்டா?"