சித்தப்பா போட்ட நகர்

உப்பைத் தவிர மரக்காணத்தில் வேறென்ன விளையும் என்று யாராவது கேட்டால், ஒரு வருஷம் நகர் விளைந்தது என்பேன். கேட்பவர் சிரிப்பார். சிரிக்கட்டும். அந்த நகரில் பார்த்துப் பார்த்து மூலை மனை ஒன்றை எனக்கென்று பிடித்து வைத்திருந்தவள் நான். அப்போது ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

நகரைப் போட்டவர் என் சித்தப்பா. அப்பாவுக்கு ஒரே தம்பி. சித்தப்பா சின்னப் பையனாக இருக்கும்போதே தாத்தா போய்விட்டதால் அப்பாதான் அவரைத் தூக்கி வளர்த்தாராம். இருவரும் சேர்ந்துதான் உப்பளம் பார்த்தார்கள். பேச்சு முழுக்கச் சித்தப்பாவுடையது. அப்பா 'ம்' கொட்டுவார். சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வர, இன்னொருவர் பக்கத்தில் நடந்து வருவார். ஒருவர் மிதித்து ஒருவர் பின்னால் உட்கார்ந்தால் கால் மணியில் வீடு வந்துவிடலாம். இருவரும் ஏறமாட்டார்கள். இதற்கு எதற்கு ஒரு சைக்கிள் என்று அம்மா தினமும் கேட்பாள்.

சித்தி புதுச்சேரிக்காரி. மில்லில் கணக்கு எழுதுகிறவரின் மகள். குழாயைத் திருகினால் நல்ல தண்ணீர் கொட்டுகிற வீட்டில் வளர்ந்தவள். எங்கள் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது, அப்படிக் கரிக்கும். குடிக்கவும் சமைக்கவும் பிரம்மதேசம் பக்கமிருந்து மாட்டுவண்டியில் பீப்பாய்த் தண்ணீர் வரவேண்டும். வண்டிக்காரர் மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்றால் எங்கள் தெருவுக்கே நாக்கு வறண்டுவிடும். சித்தி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போனாள். குழந்தை பிறந்தது, ஞானஸ்நானம் ஆனது, குப்புற விழுந்தது, தவழ்ந்தது. சித்தி மட்டும் திரும்பி வரவில்லை. "உப்புத் தண்ணியில என் புள்ளையக் குளிப்பாட்ட மாட்டேன்" என்று தீர்த்துச் சொல்லிவிட்டாள். நல்லவள்தான். எனக்கு ரிப்பன் எல்லாம் வாங்கி அனுப்புவாள். ஆனால் பிடித்தால் பிடித்ததுதான்.

சித்தப்பா சனிக்கிழமை பஸ்ஸில் போய்ப் பிள்ளையைக் கொஞ்சிவிட்டுத் திங்கட்கிழமை காலையில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவார். அவருடைய மாமனார், மாடியில் ஒரு அறை காலியாக இருக்கிறது, இங்கேயே வந்துவிடுங்கள் மாப்பிள்ளை என்று ஒவ்வொரு வாரமும் சொல்லிக்கொண்டிருந்தார். அதுதான் சித்தப்பாவை அரித்தது.

"வீட்டோட மாப்பிள்ளைன்னு பேர் வாங்குறதுக்கு நான் கழியில விழுந்துடலாம் அண்ணி" என்று அம்மாவிடம் புலம்புவார். "புதுச்சேரியில சொந்தமா ரெண்டு ரூம், ஒரு குழா. அது போதும். அங்க இருந்து தினம் பஸ்ல வந்து அண்ணனோட வேலை பார்த்துட்டுப் போறேன்."

கழி என்று அவர் சொன்னது கடல் உள்ளே புகுந்து தேங்குகிற பெரிய நீர்ப்பரப்பை. அதை ஒட்டி எங்களுக்கு ஒரு துண்டு நிலம் இருந்தது. நெல்லுக்கும் ஆகாமல், உப்புக்கும் யாரும் எடுக்காமல், நண்டு வளை தோண்ட மட்டும் லாயக்காகக் கிடந்தது. அந்தச் சமயம் இடையஞ்சாவடிப் பக்கம் செம்மண் மேடுகளைப் புது ஊர் கட்ட வெள்ளைக்காரர்கள் வாங்குகிறார்கள் என்று ஒரே பேச்சு. பெரிய முதலியார்சாவடியில் எங்களுக்குத் தூரத்து உறவான ஒருவர் முந்திரித் தோப்பை விற்று மோட்டார் சைக்கிள் வாங்கிவிட்டார். அதை எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, இறங்காமலே பேசிவிட்டுப் போனார். கழியோரத்துத் துண்டை மனைமனையாக விற்று அந்த ரெண்டு ரூமை வாங்கிவிடலாம் என்று அன்றிலிருந்து சித்தப்பாவுக்குத் தூக்கம் இல்லை.

"முதல்ல வெள்ளைக்காரன் வருவான். பின்னாடியே ரோடு வரும். ரோடு வந்தா மெட்ராஸ்காரன் கார் போட்டுக்கிட்டு வருவான். அப்புறம் இந்த எடத்தை நாமளே நெனச்சாலும் வாங்க முடியாது அண்ணி!"

"நம்ம எடத்தை நாம ஏன் வாங்கணும்?" என்றாள் அம்மா.

இன்றைக்கு நினைத்தால், சித்தப்பா சொன்ன அத்தனையும் பலித்தது. என் பிள்ளைகள் வளர்ந்து ஆளான பிறகு பலித்தது, அவ்வளவுதான். அப்பா வழக்கம்போல 'ம்' என்றார். சித்தப்பா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். எங்கள் வீட்டில் எல்லாரும் அதை அப்படித்தான் எடுத்துக்கொள்வோம்.

நகருக்குக் 'கடற்காற்று நகர்' என்று பேர் வைத்தார். மாதா கோயில் தேருக்கு இறக்கை வைத்த சம்மனசுகளை வரைகிற பெயிண்டரைப் பிடித்துப் பலகை எழுதினார். பெயிண்டர் நகரின் பேருக்கு இரண்டு பக்கமும் இறக்கை போட்டுவிட்டார், கை அப்படிப் பழகியிருந்தது. கீழே 'சகல வசதிகளும் உண்டு' என்று இருந்தது. தண்ணீர் உண்டா என்று எழுதச் சொல்லு பார்ப்போம் என்று அம்மா முணுமுணுத்தாள். நான் பள்ளிக்கூடத்தில் என் கூட்டாளிகளுக்கெல்லாம் மனை ஒதுக்கிக் கொடுத்தேன். என்னோடு சண்டை போட்டவளுக்குக் கழியோரத்து மனைதான்.

மாசி மாதம் வேலை தொடங்கியது. உப்பள மேஸ்திரியும் அவருடைய ஆட்களும் வந்தார்கள். "மனைமனையாப் பிரிச்சு, மட்டம் பண்ணி, கரை கட்டி, நடுவுல ரோடு விடுங்க" என்று சொல்லிவிட்டுச் சித்தப்பா மனை வாங்குகிறவர்களைத் தேடிப் புதுச்சேரிக்கு பஸ் ஏறினார்.

எங்கள் ஊரில் நிலத்தை மட்டம் பண்ணுவது என்றால் ஒரே ஒரு வழிதான். மண்ணை நனைத்து, ஆண்களும் பெண்களுமாக வரிசை கட்டி, குதிகாலால் மிதிக்கவேண்டும். பொட்டுத் தண்ணீர் கீழே இறங்காத அளவுக்குத் தரை இறுகும்வரை மிதிக்கவேண்டும். நானும் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மிதித்தேன். இரண்டு நாள் கெண்டைக்கால் வலித்தது. ஒவ்வொரு மனையையும் சுற்றி முழங்கால் உயரத்துக்கு வரப்பு. ஒவ்வொரு வரப்பிலும் ஒரு சின்ன மடை. நடுவில் விட்ட ரோடு மனைகளைவிட ஒரு சாண் தாழ்வாக, நேராகப் போய்க் கழியில் முடிந்தது. மழைத் தண்ணீர் வடிய வேண்டாமா என்றார் மேஸ்திரி. யாருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை.

சித்தப்பா திரும்பி வந்து பார்த்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. "கண்ணாடியாட்டம் இருக்குதே மேஸ்திரி!" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அப்பாவும் வந்து சுற்றிப் பார்த்து, ஒரு வரப்பைக் காலால் தட்டி, "ம்" என்றார். பிறந்ததிலிருந்து உப்புப் பாத்தியைத் தவிர வேறு நிலத்தில் கால் வைக்காதவர்கள். வீடு கட்டுகிற மனை எப்படி இருக்கும் என்று எங்களில் ஒருவருக்காவது தெரிந்திருந்தால்தானே!

சித்தியின் அண்ணன் புதுச்சேரியில் குமாஸ்தா. அவரும் அவருடைய ஆபீஸ் நண்பர்கள் இருவரும் மனை பார்க்க வருவது என்று முடிவாயிற்று. அவர்களுக்குப் பிடித்துவிட்டால் அந்த ஆபீசில் பாதிப்பேர் வாங்குவார்கள் என்று சித்தப்பா நம்பினார். சித்தியும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரச் சம்மதித்தாள். ஈஸ்டர் முடிந்த அடுத்த ஞாயிறு என்று நாள் குறித்துவிட்டு, பண்டிகைக்கு மாமனார் வீட்டுக்குப் போன சித்தப்பா, அந்த மனிதர்களைக் கையோடு அழைத்து வருவதற்காக அங்கேயே தங்கிவிட்டார்.

பெரிய வெள்ளி எப்போதும் பௌர்ணமியை ஒட்டித்தான் வரும். பௌர்ணமிக்குக் கடல் பொங்கும். நாங்கள் எல்லாரும் கோயிலில் முழங்காலில் நின்று சிலுவைப்பாதை சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், கழி நிரம்பி, எங்கள் நகரின் ரோடு வழியாக மரியாதையாக உள்ளே வந்து, மடை மடையாக நுழைந்து, ஒரு மனை விடாமல் எல்லாவற்றிலும் உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் சனிக்கிழமை காலையில் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு அங்கே போனார். மனைகள் எல்லாம் நான்கு விரல் ஆழத்துக்குத் தண்ணீர். அப்பா குனிந்து விரலை நனைத்து நாக்கில் வைத்தார். கோடையில் கழித் தண்ணீர் பாதி காய்ந்து கெட்டிப்பட்டிருக்கும். உப்பு இறங்க வெகுநாள் ஆகாது. கழியில் தண்ணீர் வடியத் தொடங்கியிருந்தது. மனைத் தண்ணீரும் ரோடு வழியாக மெல்லத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. அப்படியே விட்டால் ஆட்கள் வருவதற்குள் தரை காய்ந்துவிடும். அப்பா ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மண்வெட்டியை எடுத்து ரோட்டு முனையில் மண்ணை வெட்டிப் போட்டு அடைத்தார். காலால் மிதித்து இறுக்கினார். தண்ணீர் நின்றுவிட்டது. சித்தப்பாவின் நிலத்தை அப்பா எவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொள்கிறார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு உச்சி வெயிலில் அவர்கள் வந்தார்கள். முன்னால் சித்தப்பா, வெள்ளைச் சட்டை, கையில் சுருட்டிய வரைபடம். பின்னால் அவருடைய மச்சான், இரண்டு நண்பர்கள், குடை பிடித்துக்கொண்டு சித்தி, இடுப்பில் குழந்தை. அப்பா அம்மாவோடு நானும் போயிருந்தேன். இறக்கை வைத்த பலகைக்கு அந்தப் பக்கம் நகர் முழுக்க வெள்ளை வெளேரென்று உப்புப் பூத்துக் கிடந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை.

"என்ன மாப்பிள்ளை, சுண்ணாம்பு அடிச்சு வெச்சிருக்கீங்களா?" என்றார் மச்சான்.

நண்பர்களில் ஒருவர், கட்டாந்தரை என்று நினைத்து ஏழாம் நம்பர் மனையில் செருப்புக் காலை எடுத்து வைத்தார். உப்பு நொறுங்கிக் கால் சேற்றில் இறங்கியது.

"ஐயையோ! செருப்போட மிதிக்காதீங்க சார், உப்பு கெட்டுப் போயிடும்! வெளிய வாங்க, வெளிய வாங்க!" என்று சித்தப்பா கத்தினார்.

மனை வாங்க வந்தவரை மனையிலிருந்து விரட்டிய ஒரே ஆள் உலகத்தில் என் சித்தப்பாவாகத்தான் இருப்பார். அதோடு விட்டாரா? குனிந்து ஒரு கல் உப்பை எடுத்துக் கடித்து, "அண்ணா, மொத விளைச்சலே எப்படி இருக்குது பாருங்க!" என்று அப்பாவிடம் நீட்டினார். முகமெல்லாம் சிரிப்பு. அப்புறம்தான் சுற்றி நிற்பவர்கள் நினைவு வந்தது.

சித்தி சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே, "விக்க வந்த எடத்துல உப்பைப் பார்த்துச் சந்தோஷப்படுறீங்களே" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர் வழிந்தது. அந்த வெயிலில் உப்பைப் பார்த்தால் எல்லாருக்கும் கண்ணில் தண்ணீர் வரும்.

அம்மா வைத்த நண்டுக் குழம்பை நன்றாகச் சாப்பிட்டார்கள். பார்ப்போம் மாப்பிள்ளை, யோசிச்சுச் சொல்றோம் என்றார் மச்சான். நண்பர் செருப்பைக் கழுவிக்கொண்டார். சாயங்கால பஸ்ஸில் எல்லாரும் போனார்கள், சித்தியும் குழந்தையும்கூட.

சித்தப்பா கோபப்படவில்லை, குடிக்கவில்லை. மறுநாள் விடிந்ததும் உப்பு வாருகிற பலகையை எடுத்துக்கொண்டு அப்பாவோடும் மேஸ்திரியோடும் போய் உப்பு வாரினார். நான் கஞ்சித் தூக்கு கொண்டு போனேன். நல்ல உப்பு, கல் கல்லாக. ரோட்டு முனையில் அடைத்திருந்த மண்ணைச் சித்தப்பா அப்போதுதான் பார்த்தார். கிட்டே போய்க் குனிந்து தொட்டார்.

"இதை யாரு அடைச்சது?"

மேஸ்திரி தெரியாது என்று தலையாட்டினார். அப்பா வாரிக்கொண்டே இருந்தார். எனக்குத்தான் தெரியுமே!

"அப்பாதான் சித்தப்பா! தண்ணி எல்லாம் ஓடிப்போகப் பார்த்தது. அப்பாதான் விடாம அடைச்சாரு!"

சித்தப்பா நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார். அப்பா தலை தூக்கவில்லை.

"கெட்டியாத்தான் அடைச்சிருக்கீங்க அண்ணா" என்றார் சித்தப்பா. பிறகு பலகையை எடுத்துக்கொண்டு வார ஆரம்பித்தார். அன்று முழுவதும் அவர் பேசவில்லை. அதிசயமாக அப்பாதான் வெயிலைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும் ஏதேதோ பேசிக்கொண்டிருந்தார். சித்தப்பா 'ம்' கொட்டினார்.

அந்த வாரமே அவர் டிரங்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு மாமனார் வீட்டு மாடி அறைக்குப் போய்விட்டார். மில் கேட்டில் ஒரு வேலை பார்த்துக் கொடுத்தார்கள். பண்டிகைக்கு வருவார், பிஸ்கட் பொட்டலம் கொண்டு வருவார், மாலை பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார். தினமும் வேலைக்கு வருவேன் என்று சொன்னதை யாரும் நினைவுபடுத்தவில்லை.

அடுத்த வருஷமும் கழி பொங்கியது. அடைத்த மண்ணைத் தாண்டி உள்ளே வந்து, திரும்பிப் போக வழியில்லாமல் தேங்கி, கேட்பாரில்லாமல் எல்லா மனையிலும் உப்பாக இறங்கியது. எங்கள் அப்பா வண்டியிலிருந்து சிந்திய உப்பைக்கூட விடாமல் கூட்டி அள்ளுகிறவர். அந்த உப்பைத் தொடவில்லை. தினமும் அதன் ஓரமாகவே நடந்து போவார், திரும்பிப் பார்க்கமாட்டார். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்ப்பா, அவ்ளோ உப்பு வீணாப் போகுது. வாரக் கூடாதா?"

"அது மனைம்மா. உப்பளம் இல்ல."

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அப்பா ஜோக் சொல்லிக் கேட்டதே இல்லை. பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொன்னேன். அவரைப் போலவே குரலைத் தாழ்த்தி, தலையைக் குனிந்து, "அது மனைம்மா" என்று சொல்லிக் காட்டினால் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஒரு நாள் ராச்சாப்பாட்டின்போது அப்பா எதிரிலேயே அப்படிச் செய்து காட்டினேன். அப்பா பாதிச் சோற்றில் கை கழுவிக்கொண்டு வெளியே போனார். அம்மா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று கேட்டுக் கேட்டு அழுதேன். அவள் அப்பாவின் தட்டை மூடி வைத்துக்கொண்டிருந்தாள்.