வீரனின் பெயர்

எங்கள் ராசிபுரம் வாசகசாலையில் சரித்திரச் சொற்பொழிவு என்றால் கூட்டம் வரும். சரித்திரத்துக்காக அல்ல, முடிந்ததும் சுக்குக் காப்பி உண்டு. காப்பிச் செலவு தலைவரான நெய் வியாபாரியுடையது. ஆகவே பேச்சாளரைவிட அதிக நேரம் பேசும் உரிமையும் அவருக்கே. எந்தப் பாறையைப் பற்றிப் பேச்சு வந்தாலும் பஞ்சபாண்டவரை அங்கே ஓர் இரவு தங்க வைத்துவிட்டுத்தான் உட்காருவார். நான் காரியதரிசி, பெஞ்சு போடுகிறவன்.

யுத்த காலம். சேலத்திலிருந்து ஓய்வுபெற்ற சரித்திர உபாத்தியாயர் ஒருவர் பேச வந்தார். பெட்ரோல் பஞ்சத்தால் கரிப்புகையில் ஓடிய பஸ் வழக்கம்போல ஏரிக்கரையில் நின்றுவிட, இறங்கி உலாவியவர் கண்ணில் பாதி புதைந்த கல் ஒன்று பட்டிருக்கிறது. எழுதிவந்த பேச்சை மூட்டை கட்டிவிட்டார்.

"மாடு மீட்கப் போய்ச் செத்தவனுக்கு நட்ட கல். வட்டெழுத்து. மேல் வரியைப் படித்துவிட்டேன். அவன் பெயர் மண்ணுக்குள் இருக்கிறது" என்றார். ஆயுசு முழுக்க யாரோ படித்த கல்வெட்டுகளையே பாடம் சொன்னவர். ஒன்றையாவது தாமே படித்துச் சொல்ல வேண்டும் என்று ஏங்கியவர். "அடுத்த வாரம் படியெடுக்கக் காகிதத்தோடு வருகிறேன். இதே மேடையில் பெயரைச் சொல்கிறேன். அதுவரை கல்லைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்."

பார்த்துக்கொண்டோம். எங்கள் ஊரில் ஒன்றைப் பத்திரப்படுத்துவதென்றால் அதைச் சாமியாக்கிவிடுவதுதான். மறுநாளே கல்லைத் தோண்டி நிமிர்த்தினார்கள். எண்ணெய், மஞ்சள், மாலை. வீரன் தங்கள் வம்சம் என்றது நெசவாளர் தெரு. "மாடு எங்களதுங்களே!" என்றார்கள் பண்ணையக்காரர்கள். எண்ணெய் ஊற்றாதீர்கள் என்று நான் கத்தியதற்கு, "நீங்க பெஞ்சு போடறதோட நிறுத்திக்கோங்க சாமி" என்று பதில் வந்தது.

உபாத்தியாயர் காகிதச் சுருளோடு வந்தபோது கல்லுக்குக் கூரையே வேய்ந்திருந்தது. தலைவர் பெருமையோடு அழைத்துப்போனார்.

"ஒரே கிறுக்கலாக் கெடந்துதுங்க. சாமிக்கு அது நல்லாவா இருக்கும்? கல்தச்சரை உட்டுக் கொத்திச் சமனாக்கி, எல்லாருக்கும் புரியற எழுத்தாப் போட்டுட்டேனுங்க."

எழுத்து இருந்த இடம் வழவழவென்றிருந்தது. அதன்மேல் புதிதாக, 'உபயம்' என்ற சொல்லும் தலைவரின் பெயரும்.

உபாத்தியாயர் மேல்துண்டால் எண்ணெயைத் துடைத்தார். விரலால் தடவினார், மறுபடியும் தடவினார். ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த மனிதர் தலைவரை நாலு வார்த்தை திட்டியிருந்தால் என் மனம் ஆறியிருக்கும். அவரோ எண்ணெய்த் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் வாசகசாலை கொள்ளாத கூட்டம். இந்தத் தடவை மெய்யாகவே பெயருக்காக வந்திருந்தார்கள்.

"பேரைச் சொல்லுங்க சாமி!" என்று பின்னாலிருந்து குரல்கள் எழுந்தன.

அவர் பிரிக்காத சுருளை அக்குளில் இடுக்கிக்கொண்டு எழுந்தார். வகுப்பில் பாடம் சொல்கிற தெளிவான குரலில், கல்லில் இருந்த ஒரே பெயரை, இனிஷியலோடு, நிறுத்திப் படித்தார்.

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. தலைவர் எழுந்து நின்று நாலா பக்கமும் கும்பிட்டார்.