எட்டாம் நாள் இலையில் ஒரு மின்ஸ் பை

பெரியப்பா பசியோடு போகப்போகிறார் என்று எனக்கு உறைத்தபோது, பெரியம்மா வாழையிலையில் நான்காவது கறியை வைத்துக்கொண்டிருந்தார்.

எட்டுச் செலவு என்கிற எட்டாம் நாளன்று, இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து அவர் படத்தின்முன் படைப்போம். பிறகு கதவைச் சாத்திவிட்டு வெளியே காத்திருப்போம். அவர் வந்து ஆறுதலாகச் சாப்பிட்டுப் போவார். கடல் கடந்து வந்து குடியேறிய மவுண்ட் ரோஸ்கில் வீட்டிலும் அப்படித்தான், இலை மட்டும் ஃப்ரீசரிலிருந்து வந்தது. ஆட்டுக்கறி, கணவாய், இறால், கத்தரிக்காய்ப் பொரியல் என்று எல்லாம் இருந்தன. அவருக்கு உலகத்திலேயே பிடித்த ஒன்று மட்டும் இல்லை. அது என்னவென்று எனக்கு மட்டுமே தெரியும். எனக்கு ஒன்பது வயது.

சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு முடிந்ததும் பெரியப்பாதான் என்னைக் காரில் ஏற்றிவருவார். விரி என்ற பகுதியில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர், கோயிலில் தேவாரம் பாடுகிறவர். வழியில் டெயரி என்கிற மூலைக் கடை முன்னால் கார் தானாகவே நிற்கும். ஒரு மின்ஸ் பை வாங்குவார். மொறுமொறு மாவுக்குள்ளே கொதிக்கும் மாட்டிறைச்சியும் சீஸும். முதல் கடியிலேயே நாக்கைச் சுட்டுக்கொண்டு, கார்க்கண்ணாடி மங்கும்வரை "ஹா ஹா" என்று ஊதுவார். பாதி அவருக்கு, பாதி எனக்கு. அவருடைய நெஞ்சுக்கு ஆகாது என்று டாக்டர் தடுத்த சாப்பாடு அது. மாட்டிறைச்சியோ வீட்டு வாசலையே தாண்டியதில்லை.

"பெரியம்மாவுக்கு மூச்சும் விடக்கூடாது, ஓமோ? மனுசனுக்கு ஒரு களவாவது வேணும்" என்பார். நான் சாமி சத்தியம் செய்திருந்தேன்.

சொன்னால் சத்தியம் போகும். சொல்லாவிட்டால் அவர் பசியோடு போவார். நடுவில் ஒரு வழி இருந்தது: சொல்லாமல் வைத்துவிடுவது. ஓடினேன்.

டெயரிக்காரர் என்னிடம் காசு கேட்கவில்லை. அங்கிளுக்கா என்று ஆங்கிலத்தில் கேட்டார். தலையாட்டினேன். தக்காளி சோஸும் வேண்டுமா என்றார். வேண்டாம் என்றேன், அதை எங்கே ஒளிப்பது! ஜாக்கெட்டுக்குள் வயிறு சுடச்சுடத் திரும்பி ஓடிவந்து, பெரியம்மா விளக்குத் திரியைத் தூண்டத் திரும்பிய கணத்தில், அதை இலையில் வைத்து மேலே இரண்டு அப்பளத்தைக் கவிழ்த்தேன். எல்லோரும் வெளியே வந்தோம். பெரியம்மா கடைசியாக, கொஞ்சம் பிந்தித்தான் வந்து கதவைச் சாத்தினார்.

சீக்கிரம் சாப்பிடுங்கோ பெரியப்பா, ஆறினால் நல்லாயிராது என்று நான் மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

கதவு திறந்தது. மின்ஸ் பை இலையின் நட்டநடுவில் இருந்தது. அப்பளங்கள் ஓரத்துக்குப் போயிருந்தன. பக்கத்தில் சிவப்பாக, தாராளமாக, சோஸ்!

வந்துவிட்டார். சோஸையும் கையோடு கொண்டுவந்திருக்கிறார்.

"ஐயோ அக்கா, இதென்ன மாட்டிறைச்சி! ஆர் உதைக் கொண்டந்து வைச்சது?" என்று அம்மா அலறினார்.

"கத்தாதையடி. அது அந்தாளின்ரை சனிக்கிழமைச் சாப்பாடு" என்றார் பெரியம்மா. அவர் கையில் பிழிந்து முடித்த ஒரு சின்ன சோஸ் பக்கெற் இருந்தது. கதவுக்குப் பின்னால் தொங்கிய பெரியப்பாவின் கோட்டில் பொக்கற் வெளியே இழுபட்டுக் கிடந்தது. "கோட்டு முழுக்க இதுதான். கிழமைக்குக் கிழமை சேர்ட்டிலை துகள் தட்டினது நான். ஒளிச்சவராம், நான் காணேல்லையாம்!"

"தெரிஞ்சுமோ விட்டனீங்கள்?"

"பாதியை இவள் திண்டிடுவாள் எண்டுதான் விட்டனான். இவளின்ரை வாயிலையும் துகள்தானே" என்று பெரியம்மா என்னைக் காட்டினார்.

முதலில் சிரித்தது அம்மா. எட்டு நாளாக அந்த வீட்டில் கேட்காத சத்தம். பிறகு பெரியம்மாவும் சிரித்தார். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

எனக்கு மட்டும் ஏமாற்றம். வந்தது பெரியப்பா இல்லையே. அத்தனை நாளும் ஒரு மனிதரின் களவை அவருக்கே தெரியாமல் காவல் காத்ததும், இறந்த பிறகு அவருக்காகச் சோஸ் பிழிந்ததும் என்னவென்று ஒன்பது வயதில் எனக்கு விளங்கவில்லை.

இப்போது எனக்குப் பதினெட்டு. போன கிழமை கார் லைசென்ஸ் கிடைத்துவிட்டது. வருகிற சனிக்கிழமை பெரியம்மாவை முன் சீட்டில் ஏற்றப்போகிறேன். எங்கே என்று சொல்லமாட்டேன். அந்த டெயரியில் மாட்டிறைச்சிக்குப் பதிலாகக் கோழி போட்ட பையும் விற்கிறார்கள். பாதி அவருக்கு, பாதி எனக்கு. சோஸ் இப்போதே என் கோட்டுப் பொக்கற்றில் இருக்கிறது. முதல் கடியில் அவரும் கண்ணாடி மங்க ஊதுகிறாரா என்று பார்க்க வேண்டும்.